காலதர் முதல் தானியங்கிக் கட்டடம் வரை: ஓரிக்கையை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

மனை என்பது வெயிலையும் மழையையும் தடுக்கும் சுவரும் கூரையும் மட்டுமன்று. தன்னுள் வாழ்வார்க்கு ஏற்ற அளவில் காற்றையும் ஒளியையும் வெம்மையையும் தருவதும் அதன் கடனாம். அக்கடனை நெடுங்காலம் மக்களே தம் கையால் செய்துவந்தனர். சாளரம் திறந்தனர், கதவம் அடைத்தனர், இடம் மாறி இருந்தனர். கடந்த இருநூறு ஆண்டுகளில் அப்பணி சிறிது சிறிதாகக் கருவிகளின்பாற் சென்றது. இன்று பெருநகரங்களில் எழும் கட்டடங்கள் வெம்மையைத் தாமே அளந்து, ஆளிருப்பதைத் தாமே அறிந்து, விளக்கையும் குளிர்பதனக் கருவியையும் தாமே இயக்கி, மின்னாற்றலைச் சிக்கனமாகச் செலவிடுகின்றன. இவற்றை அறிவார்ந்த கட்டடங்கள் என்றும், இவற்றை ஆளும் அமைப்பைக் கட்டடத் தானியக்க அமைப்பு என்றும் கூறுவர்.

இவ்வமைப்பின் வரலாற்றைத் தமிழ் ஆய்விதழில் எழுதுவது எற்றுக்கு என வினவுவார் உளராயின், அவர்க்கு யாம் கூறும் விடை இரண்டு. மனையும் பருவமும் தம்முள் இயைந்து நின்ற முறையைப் பழந்தமிழ் நூல்கள் நுணுக்கமாகப் பதிந்துள்ளன என்பது ஒன்று. இத் தானியக்கத்தின் வேர் நூலும் நெசவும் சார்ந்த தொழிலில் ஊன்றியது என்பதும், அத்தொழிலால் வாழும் ஓரிக்கை போன்ற ஊர்கள் அதன் பயனைப் பெறாது நிற்கின்றன என்பதும் மற்றொன்று. இவ்விரண்டையும் இணைத்து ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊரும் பெயரும்

காஞ்சிபுரத்தின் தென்புறத்தே அமைந்தது ஓரிக்கை. ‘ஓர் இரவு இருக்கை’ என்பதே ஓரிக்கை என மருவிற்று என்பது வழிவழி வரும் செய்தி. திருமழிசையாழ்வாரின் மாணவராகிய கணிகண்ணரை மன்னன் நாடு கடத்தினான் என்றும், ஆழ்வாரும் உடன் புறப்பட்டுத் திருவெஃகாவில் பள்ளிகொண்ட பெருமாளையும் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு வருமாறு வேண்டினார் என்றும், மூவரும் ஓரிரவு தங்கிய இடம் இதுவே என்றும் கூறுவர். மன்னன் பிழையுணர்ந்து வேண்ட, ஆழ்வார் சொற்படியே பெருமாள் மீண்டு தம் இடம் சேர்ந்தார். அதனால் சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்னும் பெயர் பெற்றார்.

இக்கதையின் வரலாற்று உண்மையை ஆராய்வது ஈண்டு எம் நோக்கமன்று. சொன்னவண்ணம் செய்தல் என்னும் கருத்து மட்டும் எம் பொருளுக்கு இயைபுடையது. கருவியும் சொன்னவண்ணம் செய்வதே. ஆயின் கதையில் சொன்னவர் இன்னார் என்பதும், எதன்பொருட்டுச் சொன்னார் என்பதும் தெளிவாக உள்ளன. இன்றைய கட்டடங்கள் யார் சொன்னவண்ணம் செய்கின்றன என்பது இக்கட்டுரையின் இறுதியில் யாம் எழுப்பவிருக்கும் வினாவாகும்.

இலக்கியம் காட்டும் மனை

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை 188 அடிகளால் ஆகியது, நக்கீரர் இயற்றியது. கூதிர்க்காலத்து நகரையும் அரண்மனையையும் காட்டுமிடத்துப் புலவர் மனையின் இயக்கத்தையே காட்டுகின்றார். வேனிலில் பயன்பட்ட விசிறிகள் சுருக்கப்பட்டுச் சிலந்திநூல் சூழத் தொங்குகின்றன. மேல்நிலை மாடத்தில் தென்றலைத் தரும் சாளரங்கள் தாழிட்டு அடைபட்டுக் கிடக்கின்றன. மாந்தர் நெருப்பிட்ட தடவின் அருகே குளிர் காய்கின்றனர். அரண்மனை வகுத்த முறையைக் கூறுமிடத்தும், கட்டட நூல் வல்லார் நண்பகலில் கோல் நாட்டி நிழல் நோக்கித் திசை தெளிந்து, நூல் பிடித்து அளந்தமை சொல்லப்படுகின்றது. ஞாயிற்றின் நெறியறிந்து மனை வகுத்தலும், பருவம் அறிந்து மனையைத் திறந்தும் அடைத்தும் ஆளுதலும் ஆகிய இரண்டும் அந்நாளில் ஒருங்கே அறியப்பட்டிருந்தன என்பது இதனால் விளங்கும்.

சிலப்பதிகாரத்து மனையறம்படுத்த காதையில், கோவலனும் கண்ணகியும் நெடுநிலை மாடத்தின் இடைநிலையில் இருந்தபோது சாளரத்தின் வழியே தென்றல் புகுந்தது. அது கண்டு அவர்கள் மேலுள்ள நிலாமுற்றத்திற்கு ஏறிச் சென்றனர். கட்டடம் இருந்தவாறு இருக்க, வாழ்வோர் இடம் மாறினர் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. ஒரே அறையை ஆண்டு முழுதும் ஒரே வெம்மையில் வைத்திருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் அவர்கட்கு இருந்திலது.

சொற்களும் சான்று பகர்கின்றன. காலதர் என்பது சாளரத்திற்கு வழங்கிய பழஞ்சொல். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. பலகணி என்பது பல கண்களை உடையது. ஒன்று தொழிலால் பெற்ற பெயர். மற்றொன்று வடிவால் பெற்ற பெயர். நெடுநல்வாடையில் சாளரத்தைக் குறிக்கக் கட்டளை என்னும் சொல்லும் ஆளப்பட்டுள்ளது. இன்று கட்டளை என்பது ஏவலைக் குறிக்கும். கட்டடத்தை ஆளும் கணிப்பொறி இயக்கிக்கு விடுப்பதும் கட்டளையே. இவ்விரு பொருளையும் ஒன்றென்று யாம் கூறவில்லை. பழங்காலத்துச் சாளரம் செய்த பணியை இக்காலத்து ஏவல் செய்கின்றது என்பதை நினைவிற் கொள்ள இச்சொல் உதவுகின்றது, அவ்வளவே.

தறியும் காற்றும்

ஓரிக்கையிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் பட்டு நெசவு பெருந்தொழில். காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு 2005-ஆம் ஆண்டில் கிடைத்தது. பழைய நெசவாளர் வீடு தறிக்கென்றே அமைந்தது எனலாம். தெருவை நோக்கிய திண்ணை, ஓட்டுக்கூரை, நடுவே முற்றம், அதனை ஒட்டிய கூடத்தில் குழித்தறி என்பன அதன் உறுப்புகள். நெசவாளர் குழியில் காலை விட்டு மிதியை மிதித்து நெய்வர். பாவு தரைக்கு அண்மையில் நீண்டு கிடக்கும்.

இவ்வமைப்பில் ஓர் அறிவியல் உண்மை உண்டு. பட்டு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. உலர்ந்த பட்டின் எடைக்கு 11 விழுக்காடு ஈரம் சேர்ந்திருப்பதே வணிகத்தில் அளவாகக் கொள்ளப்படுவது. காற்று மிக உலர்ந்தால் இழை விறைத்து இற்றுப்போகும். மிக ஈரமாயின் கஞ்சியிட்ட பாவு ஒட்டிக்கொள்ளும். மண்ணில் தோண்டிய குழியின் குளிர்ச்சியும், ஓட்டின் இடுக்குகள் வழியே வெம்மை வெளியேறுதலும், முற்றத்தின் வழியே காற்று இயங்குதலும் இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நிலையைக் காத்தன. பாவைத் தெருவில் நீட்டிக் கஞ்சியிட்டு உலர்த்தும் வேலையை வெயில் ஏறுமுன் விடியலில் முடித்தலும் இதுபற்றியே.

யாம் அவ்வூரில் கண்டு பேசிய மூத்த நெசவாளர் ஒருவர், காலையில் பாவின்மேல் கையை வைத்த அளவிலேயே அன்றைய காற்று எத்தகையது என்று அறியலாம் என்றும், அதற்கேற்பக் கதவைத் திறப்பதா சாத்துவதா என முடிவு செய்வதாகவும் உரைத்தார். உணர்தல், ஒப்பிடல், இயக்குதல் என்னும் மூன்றும் இச்செயலில் அடங்கியுள்ளன. இன்றைய தானியக்க அமைப்பின் உறுப்புகளும் இம்மூன்றே. உணரி அளக்கின்றது, கட்டுப்படுத்தி வேண்டிய அளவோடு ஒப்பிடுகின்றது, இயக்கி வால்வையோ விசிறியையோ மாற்றுகின்றது.

ஆயினும் பழைய வீட்டைக் குறையற்றதெனப் புகழ்தல் ஆராய்ச்சியாளர்க்கு அழகன்று. மழைக்காலத்தில் தறிக்குழியில் நீர் ஊறுதலும், பாவு உலராமல் நெசவு நின்று கூலி இழத்தலும், மங்கிய ஒளியில் கண் கெடுதலும் அவ்வீட்டின் குறைகளே. பழையதை மீட்டலினும் அதன் அறிவைக் கற்றலே வேண்டுவது.

ஆலையில் பிறந்த கருவி

வெம்மையைத் தானே ஆளும் கருவிக்குத் தெர்மோஸ்டாட் எனப் பெயரிட்டவர் ஸ்காட்லாந்து நாட்டு வேதியியலறிஞர் ஆண்ட்ரு யூர் என்பார். 1830-இல் அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். வெவ்வேறு அளவில் விரியும் இரு உலோகப் பட்டைகளை ஒன்றாகப் பிணைத்தால், வெம்மை ஏறுங்கால் அப்பட்டை வளையும். அவ்வளைவைக் கொண்டு வெம்மை வரும் வழியைத் திறக்கவும் அடைக்கவும் கூடும். நெசவாலைகளில் வெம்மையை ஒருநிலைப்படுத்த வேண்டிய தேவையே அவரை இதன்பாற் செலுத்திற்று.

1902-இல் அமெரிக்க நாட்டில் புரூக்ளினிலுள்ள அச்சகம் ஒன்றில் காற்றின் ஈரத்தால் தாள் விரிந்து சுருங்க, வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாமற் போயின. அதனைத் தீர்க்க வில்லிஸ் கேரியர் வகுத்த அமைப்பே இக்காலக் குளிர்பதனத்தின் தோற்றுவாய். காற்றைப் பதப்படுத்தல் என்னும் பொருள்பட ஏர் கண்டிஷனிங் என்னும் தொடரை 1906-இல் ஆக்கியவர் ஸ்டூவர்ட் கிராமர். இவர் வட கரோலினாவின் நூற்பாலைகளுக்கு ஈரப்பதக் கருவி அமைத்த பொறியாளர். நூலைப் பதப்படுத்தல் என ஆலைகளில் வழங்கிய வழக்கிலிருந்தே இத்தொடரை அவர் ஆக்கினார். எனவே, மனிதர் உடல் குளிரப் பிறந்ததாக இன்று கருதப்படும் குளிர்பதனம் முதற்கண் தாளுக்கும் நூலுக்கும் பணி செய்யவே பிறந்தது என்க.

நெசவின் கொடை இத்துடன் நின்றதன்று. பிரான்சு நாட்டு ஜக்கார்டு 1804-ஐ ஒட்டி அமைத்த தறியில், துளையிட்ட அட்டைகள் எந்த இழை எழ வேண்டும் என்பதை ஏவின. சார்லஸ் பாபேஜ் தாம் எண்ணிய கணிப்பொறிக்கு அவ்வட்டை முறையையே மேற்கொண்டார். ஜக்கார்டு பெட்டி இன்று காஞ்சித் தறிகளின்மேலும் அமர்ந்திருக்கின்றது. கட்டடத்தை ஆளும் கணிப்பொறியும் தறிமேல் நிற்கும் பெட்டியும் ஒரு குடியிற் பிறந்தவை என்பது வியப்பிற்குரியது.

பள்ளியறை முதல் கணிப்பொறி வரை

கட்டடத் தானியக்கத்தின் அடுத்த படியை அமைத்தவர் ஆசிரியர் ஒருவர். அமெரிக்க நாட்டு விஸ்கான்சின் மாநிலத்தில் ஒயிட்வாட்டர் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் பணியாற்றிய வாரன் ஜான்சன் என்பாரின் வகுப்பறையில் வெம்மையைப் பார்க்கப் பணியாளர் அடிக்கடி நுழைவதால் பாடம் தடைப்பட்டது. அறையின் வெம்மையைக் கீழ்த்தளத்திலுள்ள பணியாளர்க்கு மணியடித்து அறிவிக்கும் மின்கருவியை ஜான்சன் ஆக்கி, 1883-இல் காப்புரிமை பெற்றார். 1885-இல் மில்வாக்கியில் நிறுவனம் தொடங்கினார். பின்னர் அழுத்தக் காற்றால் இயங்கும் கட்டுப்பாடுகள் பெருகி, அரை நூற்றாண்டிற்கு மேலாக நிலவின.

1970-க்குப் பின் இரு மாற்றங்கள் நேர்ந்தன. கணிப்பொறி கட்டடத்திற்குள் புகுந்தது ஒன்று. ஜான்சனின் நிறுவனம் 1972-இல் வெளியிட்ட ஜேசி/80 என்னும் அமைப்பு இதற்கு எடுத்துக்காட்டு. 1973-இல் எண்ணெய் விலை ஏறியது மற்றொன்று. அதுகாறும் வசதிக்கென நின்ற கட்டுப்பாடு சிக்கனத்திற்கென ஆயிற்று. ஆயின் ஒவ்வொரு நிறுவனத்தின் கருவியும் தனித்தனி மொழி பேசியதால், ஒன்றன் உணரி மற்றொன்றன் கட்டுப்படுத்தியோடு பேச இயலவில்லை. இக்குறையை நீக்க அமெரிக்கக் குளிர்பதனப் பொறியாளர் கழகமாகிய ஆஷ்ரே 1987-இல் குழு அமைத்து, 1995-இல் பாக்நெட் என்னும் பொதுநெறியை வெளியிட்டது. அது 2003-இல் உலகத் தர நிறுவனத்தின் நெறியுமாயிற்று. பொதுமொழியின்றி அறிவு பரவாது என்பது மொழியாளர்க்குப் புதிதன்று. கருவிகட்கும் அஃதே விதி.

இவ்வமைப்பால் சிக்கனம் விளையுமாறு எங்ஙனம்? விசிறியின் வேகத்திற்கும் அது உண்ணும் ஆற்றலுக்கும் உள்ள தொடர்பு மும்மடிப் பெருக்கத் தொடர்பாகும். வேகத்தை 80 விழுக்காடாகக் குறைத்தால் ஆற்றல் ஏறத்தாழப் பாதியாகும். அறையில் கரியமிலவாயுவின் அளவை அளந்து, ஆள் குறைந்தவிடத்து வெளிக்காற்றைக் குறைத்தலும், ஆளில்லா இடத்து விளக்கை அணைத்தலும், புறவொளி மிக்கவிடத்து அகவொளியைத் தாழ்த்தலும் இவ்வாறே பயன் தருவன. சிறு குறைப்பு பெருஞ்சேமிப்பாதலே தானியக்கத்தின் வலிமை.

இந்திய நாட்டில்

நம் நாட்டில் ஆற்றல் சேமிப்புச் சட்டம் 2001-இல் நிறைவேறி, 2002 மார்ச்சுத் திங்களில் ஆற்றல் திறன் வாரியம் அமைந்தது. வணிகக் கட்டடங்கட்கான ஆற்றல் சேமிப்பு நெறித்தொகுப்பு 2007-இல் வெளிவந்து, 2017-இல் திருத்தம் பெற்றது. குடியிருப்புகட்கான ஈகோ நிவாஸ் சம்ஹிதா 2018-இல் வந்தது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் பெரிய குடியிருப்புக் கட்டடங்களையும் சட்டத்தின் எல்லைக்குள் கொணர வழிசெய்தது. 2020 சனவரி முதல் நட்சத்திரக் குறி பெறும் அறைக் குளிர்பதனக் கருவிகள் இயல்பு நிலையில் 24 பாகையில் தொடங்குமாறு அமைதல் வேண்டும் என விதிக்கப்பட்டது. ஒரு பாகை உயர்த்தினால் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்பது வாரியத்தின் கணக்கு.

ஐதராபாத்தில் எழுந்த இந்தியத் தொழிற் கூட்டமைப்பின் சொராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையம் 2003-இல் லீட் பிளாட்டினத் தரம் பெற்றது; அமெரிக்காவிற்கு வெளியே அத்தரம் பெற்ற முதற் கட்டடம் அதுவே. குடியரசுத் தலைவராயிருந்த அப்துல் கலாம் 2004-இல் அதனைத் திறந்துவைத்தார். அங்கு நடுமுற்றமும், காற்றைக் குளிர்வித்து உள்ளனுப்பும் காற்றுக் கோபுரங்களும், பலகணிச் சுவர்களும் தானியக்கக் கருவிகளோடு ஒருங்கே உள்ளன. பழைய காலதரும் புதிய உணரியும் பகையல்ல என்பதற்கு இது சான்று.

தமிழகத்தில், சென்னைக் கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010 செப்டம்பரில் திறக்கப்பட்டது; லீட் தங்கத் தரம் பெற்றது. ஓமந்தூரார் அரசினர் தோட்டத்தில் சட்டமன்ற வளாகமாக 2010 மார்ச்சில் திறக்கப்பட்ட கட்டடமும் பசுமைக் கட்டடத் தரம் பெற்றதே. அது 2014-இல் பல்துறை உயர் மருத்துவமனையாயிற்று. இம்மாற்றம் ஓர் உண்மையை உணர்த்துகின்றது. அவை கூடும் நாளில் மட்டும் நிறையும் மன்றத்தின் தேவை வேறு. இரவும் பகலும் நோயாளர் உறையும் மனையின் தேவை வேறு. தூய காற்றின் அளவும் இயங்கும் நேரமும் முற்றும் மாறும். கட்டடத்தின் அறிவு அதன் சுவரில் இல்லை. அதனுள் வாழ்வாரின் தேவையை அறிவதிலேயே உள்ளது.

சென்னையில் யாம் பலகாலும் சென்றுவரும் அலுவலகக் கட்டடம் ஒன்றில், கண்ணாடிச் சுவர் வழியே வெயில் உட்புகும். அதனைத் தணிக்கக் குளிர்பதனம் ஓயாது இயங்கும். குளிர் தாங்காத அலுவலர் காற்றுவாயைத் தாளால் அடைத்திருந்தனர். உணரிகள் பலவிருந்தும் திறக்கத்தக்க சாளரம் ஒன்றும் இல்லை. சுவர் செய்த பிழையைக் கருவி கொண்டு திருத்த முயல்வது இதுவாம். முதற்கண் நிழல், பின்னர்க் காற்று, அதன் பின்னரே கருவி என்னும் வரிசை தவறுமாயின், தானியக்கம் சிக்கனத்தின் பெயரால் வீணுக்குத் துணைபோகும்.

ஓரிக்கையின் வினா

இனி ஓரிக்கைக்கு மீள்வாம். அங்கும் சூழ்ந்த ஊர்களிலும் ஓட்டு வீடுகள் அருகி, தட்டையான கான்கிரீட்டுக் கூரையுடைய வீடுகள் பெருகியுள்ளன. பகலெல்லாம் வெயிலை உண்ட கூரை மாலையில் அதனை உள்ளே உமிழ்கின்றது. முற்றம் மறைந்தது, தறி உள்ளறைக்குப் போயிற்று, மேலே விசிறி சுழல்கின்றது. விசிறிக் காற்று நெய்வாரைக் குளிர்விப்பினும் பாவை உலர்த்துகின்றது. நெய்வார்க்கு வேண்டியதும் நூலுக்கு வேண்டியதும் இங்ஙனம் முரண்படுகின்றன. யூரும் கிராமரும் ஆலைகளில் தீர்த்த அதே சிக்கல் இன்று கைத்தறியாளர் வீட்டில் தீர்வின்றி நிற்கின்றது.

அரசு கைத்தறி நெசவாளர்க்கு மின்சாரம் இலவசமாக வழங்கிவருகின்றது; 2023-இல் இரு திங்களுக்கு 300 அலகாக அஃது உயர்த்தப்பட்டது. இது போற்றத்தக்கது. ஆயின் கூரையால் எழும் வெம்மையை விசிறியால் தணிக்கவே அவ்வலகுகள் செலவாகுமெனின், உதவி கூரையின் வழியே ஒழுகிப்போகின்றது என்றே கூறல் வேண்டும். 2019-இல் நடுவண் அரசு வெளியிட்ட குளிர்வித்தல் செயல்திட்டம், நாட்டின் குளிர்வித்தல் தேவையை 2037-38-க்குள் 20 முதல் 25 விழுக்காடு குறைக்க இலக்கு வகுத்தது. அவ்விலக்கு மாளிகைகளால் மட்டும் எய்தப்படுவதன்று. கட்டட நெறிகள் பெரிய மின்னிணைப்புடைய கட்டடங்களையே பெரிதும் நோக்கின. தறியுடைய சிறுவீடு வணிகக் கட்டடமும் அன்று, பெருங் குடியிருப்பும் அன்று. ஆதலின் எந்நெறியும் அதனைக் கருதிற்றிலது.

ஈண்டுச் செய்யத்தக்கன சில உள. ஓட்டு வீடுகள் முற்றும் மறையுமுன் அவற்றுள்ளும் புதிய வீடுகளுள்ளும் வெம்மையையும் ஈரத்தையும் ஆண்டு முழுதும் அளந்து பதிதல் முதலாவது. விலை குறைந்த உணரிகள் கிடைக்கும் இக்காலத்தில் இது கல்லூரி மாணவரும் செய்யத்தக்கது. வெள்ளை பூசிய கூரை, நிழல் தரும் மேற்பந்தல், எதிரெதிர்ச் சாளரம் ஆகியவற்றால் விளையும் மாற்றத்தை அளத்தல் இரண்டாவது. கதவு, கூரை, குழி, காற்று, பாவு பற்றி நெசவாளர் வழங்கும் சொற்களைத் தொகுத்தல் மூன்றாவது. இஃது எம் போன்ற தமிழாசிரியர்க்கு உரிய பணி. காற்றின் நிலைகளைக் குறிக்கும் சொல் அழியின், அந்நிலைகளை அறியும் அறிவும் உடன் அழியும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. பருவத்திற்கேற்ப மனையை ஆளும் அறிவு தமிழர்க்குப் பழையது. ஆயின் அது மக்கள் கையால் நிகழ்ந்தது. அதனைக் கருவியிடம் ஒப்படைக்கும் முயற்சி மேலை நாட்டு நெசவாலைகளின் தேவையால் வலுப்பெற்று, பள்ளியறையில் வளர்ந்து, எண்ணெய் நெருக்கடியால் சிக்கனத்தின் கருவியாயிற்று. நம் நாட்டில் அது சட்டத்தாலும் பசுமைத் தரங்களாலும் பெருங்கட்டடங்களில் நிலைபெற்றது. நூலைக் காக்கப் பிறந்த அவ்வறிவு நூலோடு வாழும் சிறு வீட்டிற்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

ஓரிக்கையில் ஓரிரவு தங்கியோர் ஒருவர் சொல்லின்பொருட்டு ஊர் நீங்கினர். அவர் சொல்லின்பொருட்டே மீண்டனர். இன்று தறியின் வெம்மை தாளாமல் தொழில் நீங்கிப் பிற வேலை தேடுவாரும் அவ்வூரில் உளர். அவர்கள் மீளுதற்கு ஏற்ற கூரையையும் காற்றையும் அமைத்துத் தருதல் அறிஞர் கடன். அதற்கு முதற்படியாக, வரும் வேனிலுக்கு முன்னரேனும் அவ்வீடுகளில் அளக்கும் பணி தொடங்குமாயின், இச்சிறு கட்டுரை தன் பயனை எய்தியதாகக் கொள்வேம்.